பலகை, ஷட்டர், கண்ணாடி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலை. மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. புதிதாகக் கண்ணாடி போட்ட ஆயத்த ஆடைக் கடை ஒன்றின் முன்னால் நின்று உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். தெரிவது நான்தான். என் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிய தள்ளுவண்டி, எதிர்க்கடையின் நீலத் தார்ப்பாய். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரண்டு கைகளாலும் வெயிலை மறைத்த பிறகே உள்ளே ஒரு பொம்மையின் தோளும், அதன் மேல் ஒரு சட்டைக் காலரும் தெரிந்தன.

எதிர் வரிசையில் கண்ணாடியே இல்லாத பழைய ஜவுளிக்கடை. முகப்பு முழுக்கத் திறந்து கிடந்தது. ஜமுக்காளம் விரித்த மேடையில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரில் இருந்த தாய்க்கும் மகளுக்கும் புடவைகளை ஒவ்வொன்றாக விசிறிக்கொண்டிருந்தார். முந்தானை ஒரு கையில், மடிப்பு மறு கையில். ஒரு உதறலில் ஐந்து கெஜம் விரிந்து பரவியது. தெருவில் நின்ற எனக்கும் அது முழுதாகத் தெரிந்தது.

கடைக்கண்ணாடிகளைப் பார்த்தபடி நடந்து ஒரு நகரத்தை அறிவது ஐரோப்பாவில் ஒரு கலையாகவே வளர்ந்தது. பாரிஸின் கண்ணாடிக் கூரை வேய்ந்த கடைவழிகளைப் பற்றி வால்டர் பெஞ்சமின் 1927இல் குறிப்பெடுக்கத் தொடங்கி, 1940இல் இறக்கும்போதும் முடிக்காமல் விட்டுச் சென்றார். அதே கண்ணோடு கடலூருக்கும், அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் சிதம்பரத்துக்கும் வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்குச் சற்றுக் குறைவாக வாழும் ஊர் ஒன்று, 62 ஆயிரம் பேர் வாழும் ஊர் மற்றொன்று. கண்ணாடியைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். கடைகள் தம் சரக்கை எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டால் நிறையவே கிடைக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கதவில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு கடை எப்படி மூடப்படுகிறதோ அப்படித்தான் அது காட்டுகிறது. பலகை, ஷட்டர், கண்ணாடி என்ற மூன்று கதவுகளையும் இந்த ஊர்களில் ஒரே தெருவில் பார்க்கலாம்.

வாசலுக்குப் பெயர் கடை

தமிழில் 'கடை' என்ற சொல் முதலில் விற்பனையைக் குறிக்கவில்லை. ஓரம், முடிவு, வாசல் ஆகியவை அதன் பழைய பொருள்கள். சங்கப் புலவர்கள் பரிசில் வேண்டி நின்றது அரசனின் நெடுங்கடையில், அதாவது உயர்ந்த வாசலில். வீட்டின் பின்புறத்தை இன்றும் புழக்கடை என்கிறோம். ஓரத்துப் பார்வை கடைக்கண். வீடு முடிந்து தெரு தொடங்கும் அந்த விளிம்பில் பொருளை வைத்து விற்றதால் விளிம்பின் பெயரே வணிகத்துக்கும் வந்தது என்று கொள்வதில் தவறில்லை. திண்ணை வைத்த வீடுகள் கடைகளாக மாறிய பழைய தெருக்களில் நடக்கும்போது அந்தச் சொல்லின் வரலாறு கண்ணெதிரே நிற்கிறது.

பலகைக் கதவு அந்த விளிம்பின் முதல் பூட்டு. மேலும் கீழும் மரச்சட்டத்தில் காடி வெட்டியிருக்கும். ஒரு முழம் அகலப் பலகைகளை ஒவ்வொன்றாக அதில் செருகி நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் எண் இருக்கும், ஏனென்றால் வரிசை மாறினால் பொருந்தாது. கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை, அதற்கு ஒரு பூட்டு. காலையில் அத்தனையையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டால் கடைக்கு முன்சுவர் என்று ஒன்று கிடையாது. தானிய மூட்டைகளின் திறந்த வாய், வெல்ல அச்சுகளின் அடுக்கு, கயிற்றில் தொங்கும் துடைப்பம் எல்லாமே தெருவின் பகுதி. கடை முழுவதுமே காட்சிப் பெட்டி. காட்சிக்கென்று தனி இடம் ஒதுக்கும் தேவை எழவே இல்லை.

இந்தப் பழக்கம் இங்கே மிகப் பழையது. கொள்ளிடத்துக்குத் தெற்கே இருந்த பூம்புகாரில் பகலில் நாளங்காடி நடந்தது. பட்டினப்பாலை அந்நகரில் பறந்த கொடிகளை வகை வகையாக அடுக்குகிறது. கள் விற்கும் வாசலிலும் கொடி உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இரவுக் கடற்கரையை விளக்குகளால் வரைகிறது. பூவும் சாந்தும் விற்பவருக்கு ஒரு விளக்கு, பிட்டு விற்பவருக்கு ஒன்று, அப்பம் சுடுபவருக்கு ஒன்று, மீன் விற்பவருக்கு ஒன்று. எந்த வெளிச்சத்துக்குக் கீழே எந்தச் சரக்கு என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். விற்பவர் தானே ஏற்றிய விளக்கில் தன் பொருளைத் தானே காட்டும் அங்காடி அது. கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலையில் சுண்டல் வண்டிகளும் மீன் வறுவல் கடைகளும் விளக்கேற்றும்போது அந்த வரிகளுக்கு உரை தேட வேண்டியதில்லை.

பொட்டிக் என்ற பெட்டிக்கடை

இன்று 'பொட்டிக்' என்று பலகை மாட்டினால் தனிக் கவனம், தனி வடிவம், தனி விலை என்று அர்த்தம். இந்தச் சொல்லும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. கிரேக்கத்தில் சரக்கறையைக் குறித்த சொல்லொன்று லத்தீன் வழியாகப் பிரெஞ்சிலும் போர்த்துக்கீசியத்திலும் கடையைக் குறிக்கலாயிற்று. போர்த்துக்கீசியர் வழியாக அது கிழக்கே வந்தது. இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, 'பொட்டிக்' என்பது இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் நாட்டு மக்களின் சிறு கடையைக் குறிக்கும் சொல் என்கிறது. வேறெங்கும் அந்தப் பொருளில் அது வழங்கவில்லை என்றும் குறிப்பிடுகிறது. இலங்கை ஆங்கிலத்தில் இந்தப் பொருள் இன்றும் முழுதாக மறையவில்லை.

ஆக, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கடலூர்த் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் 'பொட்டிக்' என்றால் அவர் சுட்டியது வெற்றிலை, புகையிலை, எண்ணெய் விற்கும் பெட்டிக்கடையைத்தான். சொல் மேலேறிப் போய்விட்டது, கடை அதே இடத்தில் இருக்கிறது. தனியொருவர் நடத்துவது, உரிமையாளரே விற்பது, வருகிறவரின் பெயரும் வீடும் தெரிந்திருப்பது என்று இன்றைய பொட்டிக்குகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அத்தனையும் பெட்டிக்கடையின் அன்றாடம்.

கடல் தாண்டிய துண்டுத் துணி

தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு எட்டிய ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனதும் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். கிளைவ் தெரு, கம்மிங்பேட்டை, புரூக்ஸ்பேட்டை, இம்பீரியல் சாலை என்று அந்தக் காலத்தின் பெயர்கள் ஊரில் இன்னும் புழங்குகின்றன.

கம்பெனி இங்கே தேடி வந்தது துணியை. துணி வாங்க அவர்கள் கையாண்ட முறையில் காட்சியின் இன்னொரு வகை இருக்கிறது. லண்டனில் என்ன விற்கும் என்று பார்த்து, அதற்கேற்ற மாதிரித் துண்டை வணிகர்களிடம் கொடுத்து ஒப்பந்தம் போடுவார்கள். நெய்து வந்த துணியை அந்தத் துண்டோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். ஒத்துவராததைத் தள்ளுவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். இந்த மாதிரிக்கு அவர்கள் வைத்த பெயர் 'மஸ்டர்'. காட்டுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. நெய்தவருக்கு வாங்குபவரைத் தெரியாது. வாங்குபவருக்கும் நெய்தவரைத் தெரியாது. இருவருக்கும் நடுவே ஒரு கைப்பிடித் துணி. பொருளை அதைக் காட்டும் கையிடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தும் வழக்கம், கண்ணாடிப் பெட்டிக்கு முன்பே, இந்தத் துறைமுகத்தில் துணித்துண்டு வடிவில் நடந்திருக்கிறது.

கண்ணாடியின் கணக்கு

பெரிய கண்ணாடிப் பலகைகள் மலிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை 1845இல் நீக்கியது. 1883இல் எமில் ஸோலா ஒரு பாரிஸ் பேரங்காடியையே நாவலின் நாயகனாக்கினார். சிகாகோவில் 1897இல் கடைக்கண்ணாடி அலங்காரத்துக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியர் எல். ஃபிராங்க் பாம், மூன்றாண்டுகள் கழித்து 'ஓஸ்' மந்திரவாதிக் கதையை எழுதியவர். 1909இல் லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் தன் பேரங்காடியைத் திறந்தபோது, கடை மூடிய பிறகும் கண்ணாடிக்குள் விளக்கு எரியவிட்டார். இரவில் தெருவில் நடப்பவருக்குக் காட்சி தொடர்ந்தது.

அந்தக் காட்சி இங்கே வராததற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. வெளிச்சம்தான் முதல் காரணம். கண்ணாடியின் இரு புறத்தில் எந்தப் புறம் பிரகாசமோ அந்தப் புறம்தான் கண்ணுக்குத் தெரியும். வடக்கு நாடுகளின் மங்கிய பகலில் உள்ளே ஒரு விளக்கைப் போட்டால் பொருள் முன்னால் வந்து நிற்கும். சோழமண்டலக் கரையின் உச்சி வெயிலை எந்தக் குழல்விளக்கும் தோற்கடிக்க முடியாது. பகல் முழுக்க அந்தக் கண்ணாடி ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. நான் லாரன்ஸ் சாலையில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது இதனால்தான். மாலை ஆறரைக்கு மேல்தான் அது காட்சிப் பெட்டியாகிறது.

அப்படி ஆகவும் மின்சாரம் வேண்டும். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெய்வேலி அனல்மின் நிலையங்கள் இருக்கும் இந்த மாவட்டமும் அதற்கு விலக்கில்லை. திறந்த முகப்புக் கடையில் பகல் வெளிச்சத்தில் வியாபாரம் நடந்தது. கண்ணாடிக் கடையில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது இடக் கணக்கு. பத்தடி முகப்பும் இருபதடி ஆழமும் உள்ள கடை 200 சதுர அடி. முகப்பு முழுக்க இரண்டரை அடி ஆழத்துக்குக் காட்சிப் பெட்டி கட்டினால் 25 சதுர அடி போய்விடும். வாடகையில் எட்டில் ஒரு பங்கு, விற்காத இடத்துக்கு. இரும்பு ஷட்டர் வந்தபோது சிறு வணிகர்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டது இந்தக் கணக்கோடு அது மோதாததால்தான். ஒரே இழுப்பில் மேலே சுருண்டு மறைந்துவிடும். பகலில் முகப்பு முன்போலவே திறந்திருக்கும், இரவில் அதுவே பெயர் எழுதும் சுவராகும். கடையின் அளவைச் சொல்வதற்கே அது அலகாகிவிட்டது: "ஒரு ஷட்டர் கடைதான், ரெண்டு ஷட்டரா எடுத்தா அட்வான்ஸ் தாங்காது."

பிறகு கண்ணாடியும் வந்தது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. அந்த முறையில் இயங்கும் செயின்ட் கோபைன் ஆலை 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. அலுமினியச் சட்டமும் கெட்டிக் கண்ணாடியும் சிற்றூர்க் கடைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தன. ஆனால் கண்ணாடியை அழைத்து வந்தது காட்சி ஆசையைவிட ஏ.சி. குளிர்ந்த காற்று வெளியே போகாமலிருக்க ஒரு கதவு தேவைப்பட்டது. அதனால் அந்தக் கண்ணாடி பார்ப்பதற்கென்று மதிக்கப்படவில்லை. 'உள்ளே ஏ.சி.', 'ஆடித் தள்ளுபடி', 'ஆள் தேவை' என்று ஸ்டிக்கர்களால் அது நிறைந்துபோனது. பொம்மைகள் வெளியே வந்து படியில் நின்றன, இரவில் திருட்டுப் போகாமலிருக்கச் சங்கிலியோடு. கண்ணாடிக்குள் இருக்க வேண்டியது வெளியே, வெளியே எழுத வேண்டியது கண்ணாடியில்.

மூலவர் வீதிக்கு வரும் ஊர்

சிதம்பரத்தில் கடைவீதியின் அளவைத் தீர்மானித்தது வணிகம் இல்லை. தேர். நடராசர் கோயிலைச் சுற்றி கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை ஐந்து தேர்கள் இந்த நான்கு வீதிகளைச் சுற்றுகின்றன. மற்றக் கோயில்களில் உற்சவர் உலா வருவார், மூலவர் கருவறையிலேயே இருப்பார். இங்கே மூலவரான நடராசரே தேரேறுகிறார்.

கடை வைத்திருப்பவருக்கு இதன் பொருள் எளியது. வீதியின் அகலம் தேருக்கு உரியது. முன்னால் நீட்டிய தட்டியும், குறுக்கே தொங்கும் கம்பியும், படிக்கு வெளியே வந்த ரேக்கும் தேர் நாளில் விலக வேண்டும். கடை தன்னை நீட்டலாம், ஆனால் சுருட்டிக்கொள்ளும் வகையில்தான் நீட்ட முடியும். அதனால் இந்த வீதிகளில் காட்சி என்பது பெரும்பாலும் மாட்டிக் கழற்றும் காட்சி. காலையில் கொக்கிக் கம்பால் ஒவ்வொன்றாக மேலே ஏறும்: பித்தளைத் தூக்கு, ருத்திராட்ச மாலை, துண்டு, குழந்தைச் சட்டை. இரவு அதே வரிசையில் கீழே இறங்கும். ஒரு பாத்திரக் கடையில் இதை நேரம் வைத்துப் பார்த்தேன். ஏற்ற நாற்பது நிமிடம், இறக்க அரை மணி. குத்துவிளக்கு முதலில், சல்லடை கடைசியில். தினமும் கடை புதிதாகக் கட்டப்பட்டு தினமும் பிரிக்கப்படுகிறது.

யார் நடக்கிறார்களோ அவர்களுக்கேற்ப அந்த மாட்டல் மாறுகிறது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்த பிறகு மாணவர்கள் வந்தார்கள். 1981இல் சிவராத்திரி நாட்டியாஞ்சலி தொடங்கிய பிறகு, பல ஊர்களிலிருந்து ஆடுபவர்களும் அவர்களின் பெற்றோரும் வருகிறார்கள். திருவாதிரை நாளில் களிக்கு வெல்லம் முன்வரிசைக்கு வரும், சிவராத்திரிக்குச் சலங்கையும் நெற்றிச்சுட்டியும். நிலையான ஒரு கண்ணாடிப் பெட்டியால் பஞ்சாங்கத்தோடு இப்படி ஓட முடியாது.

இந்தப் பகுதியின் வழிபாட்டிலும் காட்டுதல் ஒரு செயல் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிதம்பர ரகசியம் திரை விலக்கிக் காட்டப்படுவது. விலக்கினால் வெளியும் பொன் வில்வ மாலையும். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த வள்ளலார் 1872இல் வடலூரில் நிறுவிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஜோதி காட்டுகிறார்கள். ஜவுளிக்கடை மேடையையும் கருவறையையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் எப்போதும் எல்லாருக்கும் தெரிந்துகொண்டே இருப்பதைக் காட்டியதாக இந்த மண் கணக்கில் கொள்வதில்லை. ஒருவர் ஒரு நேரத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். உதாரணத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல்லே 'எடுத்துக்காட்டு'. புடவையை வாங்குவதாகக்கூட நாம் சொல்வதில்லை, "தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறோம். அவர் எடுத்துக் காட்ட, நாம் எடுக்கிறோம்.

கடலூரில் பிறந்த சரம்

இந்தியச் சிறுகடையின் முகத்தைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் எது மாற்றியது என்று கேட்டால் என் பதில் கண்ணாடியாக இருக்காது. ஷாம்பு பாக்கெட். அதன் ஊர் கடலூர். பணக்காரர் பயன்படுத்துவதை ஏழையும் வாங்கும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும் என்று முனைந்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். சிறு உறையில் திரவத்தை அடைக்கும் முயற்சி அவரிடம் தொடங்கியது. அவர் மகன்கள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983இல் 15,000 ரூபாயோடு 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பின்னர் கெவின்கேர் என்று பெயர் பெற்றது அந்த நிறுவனம்தான். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும், கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களின் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டிய செய்முறையும் அவர்களின் விற்பனை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படுபவை. 1990களின் இறுதியில் ஐம்பது காசுக்கு ஒரு பாக்கெட் வந்தது.

இதை விலைப் புரட்சி என்றுதான் வணிகப் பாடங்கள் சொல்கின்றன. கடைமுகப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது காட்சிப் புரட்சியும் கூட. புட்டியை அடுக்க அலமாரி வேண்டும், அலமாரிக்கு இடம் வேண்டும், விழுந்தால் உடையும். பாக்கெட்டுக்கு ஓர் ஆணி போதும். ஓரத்தில் துளைக்கோடு போட்டு ஒன்றோடொன்று ஒட்டி வந்ததால் அது சரமாகத் தொங்கியது. கடைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரும் பூக்கட்டும் கையிலிருந்து வந்த 'சரம்' என்பதுதான். "சிக் ஒரு சரம் குடுங்க" என்றால் மொத்தக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். நான்கடிப் பெட்டிக்கடையின் முகப்பு முழுக்க, மேலிருந்து கீழாக, பச்சையும் சிவப்பும் வெள்ளியுமாகத் திரை விழுந்தது. அந்தத் திரைக்கு நடுவே ஒரு சதுர ஓட்டை. அதில் கடைக்காரரின் முகம். வாங்குபவர் கேட்டதும் ஒரு கிழிப்பு. சரக்கே தோரணம், தோரணமே இருப்புக் கணக்கு. நீளம் குறைந்தால் வியாபாரம் ஆனது என்று எட்ட நின்றே தெரியும்.

கண்ணாடிக்குப் பின்னால் பொருளை வைத்து மேல்நாட்டுக் கடைகள் செய்ததை, பொருளின் மேலுறையையே பளபளப்பாக்கிக் கடலூர் செய்தது. செலவும் உண்டு. பல அடுக்குத் தாள்களால் ஆன அந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம். கெடிலம் ஆற்றின் கரையில் ஒதுங்கும் குப்பையைக் கிளறினால் அந்தத் தோரணம் நிறம் மங்காமல் கிடைக்கும்.

காட்டும் கையின் விலை

கை எடுத்துக் காட்டும் முறையைப் புகழ்ந்துகொண்டே போனால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கண்ணாடி யாருக்கும் ஒரே காட்சியைத்தான் தருகிறது. கை அப்படி இல்லை. மேடையில் யார் உட்காரலாம், யார் படிக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டின் பழைய கடைத்தெருக்கள் சாதியை வைத்துத் தீர்மானித்த காலம் நெடியது. தில்லையாகிய சிதம்பரத்தைக் காண ஏங்கி, நாளை போவேன், நாளை போவேன் என்று காலம் கழித்த நந்தனாரின் கதை அந்த ஊரின் மையக் கதை. திருப்புன்கூரில் அவர் பார்வைக்காக நந்தி விலகியது என்கிறது பெரியபுராணம். கடைகளில் அப்படி விலகிய நந்திகள் குறைவு. இன்றும் வந்தவரின் செருப்பையும் பையையும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் எந்த அடுக்கிலிருந்து எடுப்பது என்று கை முடிவு செய்கிறது. "பட்ஜெட் எவ்வளவுக்குள்ள பாக்கறீங்க?" என்பது உதவும் கேள்வியும்தான், எடை போடும் கேள்வியும்தான். விலைச்சீட்டு ஒட்டித் தொங்கவிட்ட கடைக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்து, தொட்டுப் பார்த்து, ஒன்றும் எடுக்காமல் வெளியே வரும் சுதந்திரம் பலருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பு வாய்க்காதது.

காட்டும் கை உழைக்கும் கையும் கூட. நூறு புடவை விரித்து இரண்டு விற்றால் தொண்ணூற்றெட்டை மீண்டும் அதே மடிப்பில் மடிக்க வேண்டும். அதை நின்றுகொண்டே செய்யும் பெண்களின் கால் வலியை 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைக்குக் கொண்டுவந்தது. கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 2021இல்தான் நிறைவேற்றியது.

நாலாவது கதவு

இந்த ஊர்களில் இப்போது புதிதாகத் தொடங்கும் பொட்டிக்குகளில் பலவற்றுக்குத் தெருவில் முகப்பே கிடையாது. வீட்டின் முன்னறை, ஒரு மாடிப்படி, சில சமயம் ஆரி வேலைக்கான மரச்சட்டம் மட்டும். நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரவிக்கைக்குக் கல்லும் ஜரிகையும் தைப்பது, கைத்தறிப் புடவை தருவிப்பது, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை. அவர்களின் காட்சிப் பெட்டி வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்.

இதுவும் கண்ணாடிதான், உள்ளங்கை அளவில். ஆனால் வேலை செய்யும் விதம் பலகைக் கதவுக்கு நெருக்கமாக இருக்கிறது. போட்டது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். எனவே நாள்தோறும் புதிதாக மாட்ட வேண்டும், சிதம்பரத்துப் பாத்திரக் கடையைப் போல. எண் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும், பெட்டிக்கடையைப் போல. "அக்கா, அந்த மெரூன் இருக்கா?" என்று பதில் வந்தால் வீடியோ அழைப்பில் புடவையை எடுத்து, முந்தானை ஒரு கையில், மடிப்பு மறு கையில், உதறிக் காட்டுகிறார்கள். ஜமுக்காள மேடையின் அதே அசைவு. நூறாண்டுக் காலமாகக் கடைக்கண்ணாடி கையிலிருந்து பிரித்து வைத்த பொருளை இந்தச் சிறு கண்ணாடி மீண்டும் கையில் கொடுத்துவிட்டது. மேடையில் உட்கார இடம் கிடைக்காதவருக்கும் இதில் இடம் உண்டு என்பது கூடுதல்.

ஒரு குறை அதற்கும் இருக்கிறது. அதை நான் தெரிந்துகொண்டது அன்று லாரன்ஸ் சாலையிலேயே. எதிர்க்கடையில் பன்னிரண்டாவது புடவை மகளுக்குப் பிடித்தது. தாய் மட்டும் தயங்கினார். "டியூப் லைட்டுல பச்சையாத் தெரியுது, வீட்டுக்குப் போனா நீலமா இருக்கும்." அவர் சொன்னது சரி. துணியின் நிறம் அதன் மேல் விழும் ஒளியைப் பொறுத்தது. விளக்குக்கு விளக்கு ஒளியின் கலவை வேறு, சில சாயங்கள் அந்த வேறுபாட்டை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் வாதாடவில்லை. "வெளிச்சத்துல பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிப் புடவையை நீட்டினார்.

தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, மேடையைச் சுற்றி, படி வரைக்கும் வந்தார். உள்ளே நிழல், வெளியே வெயில். இரண்டுக்கும் நடுவே நின்று முந்தானையை வெயிலில் நீட்டி, திருப்பி, மறுபடி நீட்டினார். பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கும் துணியை இப்படி வெளியே கொண்டுவர முடியாது. கைப்பேசித் திரையில் வரும் நிறத்தைக் கைப்பேசியே முடிவு செய்கிறது. பலகையைக் கழற்றிய கடைக்கும் ஷட்டரைச் சுருட்டிய கடைக்கும் அந்த ஒரு முழ வாசல் மிச்சமிருக்கிறது. பழந்தமிழில் அதன் பெயர்தான் கடை.

"பச்சைதான்," என்றார் தாய். "இதையே போடுங்க."